தண்ணீருக்கு ஏற்ற செடி

1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் ஏறக்குறைய 50 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கலத்தை எடுத்துக்கொண்டார். அடியில் மணலும் சேறும் பரப்பி, மீன்கள் ஒதுங்குவதற்கு வாகாகச் சுண்ணாம்புக்கல், மணற்கல் துண்டுகளை அடுக்கி, ஊற்று நீரை நிரப்பினார். இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி ஒன்றை நட்டார். தண்ணீரை மாற்றாமலேயே மீன்கள் பிழைத்திருக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். மீன்கள் பிழைத்தன. ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி ஏறியது. குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன; நத்தைகளின் முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின. தண்ணீர் தெளிந்தது. 1850-இல் லண்டன் வேதியியல் கழகத்தின் முன் அவர் இந்த முடிவுகளை வைத்தார். செடியும் மீனும் சேர்ந்து வாழும் வீட்டுத் தொட்டி என்ற எண்ணம் பரவியதில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு.

வாரிங்டன் கையில் இருந்தது ஆக்சிஜன் கணக்கு. மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும். இன்றும் மீன்தொட்டிச் செடிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கடைக்குப் போகிறோம். எங்கோ படத்தில் பார்த்த செக்கச் சிவந்த தண்டுச் செடியோ, தரையெல்லாம் பச்சைக் கம்பளமாகும் என்று சொன்ன குட்டிச் செடியோ கண்ணில் படுகிறது. வாங்கி நடுகிறோம். சில வாரங்களில் அடியிலை உதிர்ந்து, நுனி சிறுத்து, தண்டு கறுத்துவிடுகிறது. ஏன் என்று கேட்டால் வெளிச்சம் போதவில்லை என்பார்கள், உரம் போதவில்லை என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளில் போதாமல் போவது கார்பன். ஒரு செடியின் உலர் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கார்பன்தான். அதை அந்தச் செடி தண்ணீருக்குள் எங்கிருந்து எடுக்கும் என்று கேட்டுவிட்டு வாங்கினால், தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும்.

நீர்ச்செடிகளின் முன்னோர்கள் நிலத்துச் செடிகள். பூவும் விதையும் நிலத்தில் உருவானவை. வாலிஸ்நேரியாவும் தாமரையும் அல்லியும் அந்த வரலாற்றோடுதான் தண்ணீருக்குத் திரும்பின. திரும்பியபோது ஒரு சிக்கலைச் சந்தித்தன. காற்றில் கார்பன் டை ஆக்சைடு நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. தண்ணீர் ஓட்டமே இல்லாத இடத்தில் அது அரை மில்லிமீட்டர் வரைகூடத் தடித்துவிடும். அந்தப் படலத்தைக் கடந்து வாயு இலைக்குள் போவதற்குள் செடி பட்டினியாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்குச் செடிகள் கண்ட வழிகளை இலையிலேயே பார்க்கலாம். மூழ்கி வளரும் இலை இரண்டு மூன்று செல் தடிமன்தான் இருக்கும். நிலத்து இலையில் மெழுகுப் பூச்சு தடிப்பாக இருக்கும், இதில் பெயரளவுக்குத்தான். இலைத்துளைகள் இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. நிலத்துச் செடியில் பச்சையம் இலையின் நடு அடுக்குகளில் இருக்கும். இங்கே வெளித்தோல் செல்களிலேயே நிரம்பியிருக்கும். கிடைக்கும் வாயு உள்ளே வந்த உடனே பிடித்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் ஓடும். இலை உண்டாக்கிய ஆக்சிஜன் அவற்றின் வழியே சேற்றில் புதைந்த வேர் வரை இறங்கும்.

இவ்வளவு மாற்றமும் இல்லாத செடியைத் தண்ணீருக்குள் நட்டால் அது மெதுவாக மூச்சுத் திணறும். வருத்தமான செய்தி என்னவென்றால், கடைத் தொட்டிகளில் அப்படிப்பட்ட செடிகள் தாராளமாக விற்கப்படுகின்றன. 'லக்கி பாம்பூ' என்கிற டிரசீனா, சிங்கோனியம், ஸ்பாத்திஃபில்லம், வெள்ளைக் கோடு போட்ட குளோரோஃபைட்டம், மாண்டோ புல் எல்லாம் நிலத்துச் செடிகள். சிவப்புப் பொன்னாங்கண்ணியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம். சமையலறைப் பொன்னாங்கண்ணியின் உறவான ஆல்டர்னாந்தெரா ரெய்னெக்கி என்ற தென் அமெரிக்கச் செடி நீருக்குள் வாழும். நம் ஊர்ப் பொன்னாங்கண்ணியோ ஈரமண்ணில் செழிக்குமே தவிர, முழுக்க மூழ்கினால் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கடைக்காரர் அனுமதித்தால் செடியைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். நீருக்குள்ளேயே வளர்ந்த தண்டுச் செடி நனைந்த துணி போலத் துவண்டு விரலில் படியும். தண்ணீரே தாங்கிப் பிடிக்கும்போது விறைப்பான திசு அதற்குத் தேவையில்லை. காற்றில் வளர்ந்த செடி நிமிர்ந்து நிற்கும், இலையில் பட்ட நீர் முத்தாக உருண்டு ஓடும். ஆனால் நிமிர்ந்து நிற்பதெல்லாம் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாற்றுப் பண்ணைகள் உண்மையான நீர்ச்செடிகளையும் ஈரக் காற்றில்தான் வளர்க்கின்றன. காற்றில் கார்பனுக்குப் பஞ்சமில்லை, வளர்ச்சி வேகம், பாசித் தொல்லையும் இல்லை. ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் என்ற செடியைப் பாருங்கள். நம் நீர்முள்ளியின் பேரினம்தான் இதுவும், இந்தியத் துணைக்கண்டத்துச் செடி. பண்ணையிலிருந்து வரும்போது இலை முழுசாக, ஓரத்தில் சிறு பற்களோடு இருக்கும். தண்ணீருக்குள் நட்ட பிறகு வரும் புது இலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழமாகப் பிளந்து, கடைசியில் சீப்புப் பற்களாகப் பிரிந்துவிடும். பழைய இலைகள் மஞ்சளித்து உதிரும். ஒரே தண்டில் கீழே நிலத்து இலை, மேலே நீர் இலை என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அந்த நாட்கள் அருமையானவை. ஆரைக்கீரையின் பேரினமான மார்சிலியாவும் இப்படித்தான். வயல் வரப்பில் நான்கு இலைக் கூறுகளோடு நிற்பது, மூழ்கியதும் பெரும்பாலும் ஒற்றைக் கூறாகச் சுருங்கித் தரையோடு படரும். ஆகவே தூக்கிப் பார்க்கும் சோதனை சொல்வது அந்தச் செடி எங்கே வளர்ந்தது என்பதை மட்டுமே. தண்ணீருக்குள் மாறிக்கொள்ளும் திறன் அதன் இனத்துக்கு உண்டா என்று தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிக் கார்பன் கணக்குக்கு வருவோம். காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 டிகிரி தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு அரை மில்லிகிராமைச் சற்றுத்தான் தாண்டும். மீன்களின் மூச்சும், ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்களும், அடிமண்ணில் மக்குகிற கழிவும் இதைச் சில மில்லிகிராமாக உயர்த்தலாம். பகல் முழுக்க ஏர் பம்ப் குமிழி விட்டுக்கொண்டிருந்தால் அந்த உபரியும் காற்றுக்குப் போய்விடும். ஆனால் அதே தண்ணீரில் வேறொரு வடிவத்தில் கார்பன் கொட்டிக் கிடக்கலாம். அதுதான் பைகார்பனேட்.

உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாகப் படிவு ஒட்டியிருக்கிறதா? கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கொதிக்கும்போது உடைகிறது. கார்பன் டை ஆக்சைடு ஆவியோடு பறந்துபோக, கரையாத கால்சியம் கார்பனேட் பாத்திரத்தில் தங்குகிறது. இப்படிப்பட்ட தண்ணீரில் லிட்டருக்கு 100, 200 மில்லிகிராம் பைகார்பனேட் இருப்பது சாதாரணம். கரைந்த வாயுவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. கடலோரத்தில் சில கிணறுகளின் தண்ணீர் உப்புக் கரிக்கும், டி.டி.எஸ். மீட்டரில் எண் எகிறும், ஆனால் பாத்திரத்தில் படிவு குறைவாக இருக்கும். அந்த உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. மீட்டர் காட்டும் எண்ணைவிடப் பாத்திரத்தின் அடி செடி வாங்குபவருக்கு அதிகம் சொல்லும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தப் பைகார்பனேட்டை எல்லாச் செடிகளாலும் எடுத்துக்கொள்ள முடியாது. சோதித்துப் பார்க்கப்பட்ட மூழ்குசெடி இனங்களில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் அந்தத் திறன் உண்டு. பாசிச்செடிகளான மாஸ்கள், கபோம்பா முதலியவை கரைந்த வாயுவையே நம்பியிருப்பவை. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, எலோடியா, ஹார்ன்வோர்ட் என்கிற செரட்டோஃபில்லம் ஆகியவை பைகார்பனேட்டை உடைக்கத் தெரிந்தவை. ஹைட்ரில்லா அதைச் செய்யும் விதம் அழகானது. இலையின் அடிப்பக்கத்திலிருந்து அமிலத்தை வெளியே தள்ளுகிறது. அங்கே பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடாகி இலைக்குள் நுழைகிறது. மேல்பக்கம் காரத்தன்மை ஏறுகிறது, அங்கே கால்சியம் கார்பனேட் படிகிறது. கடின நீரில் வளர்ந்த ஹைட்ரில்லா இலையை இரண்டு விரலிடையே தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அடுப்பில் தீ செய்த வேலையை இங்கே வெயில் செய்திருக்கிறது, மிஞ்சிய படிவு அதே சுண்ணாம்புதான்.

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு ஹைட்ரில்லா புதிதல்ல. முகவைக்குள் செடி, மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் குமிழி ஏறும். ஒரு சிட்டிகைச் சோடியம் பைகார்பனேட் போட்டால் குமிழி வேகமெடுக்கும் என்று ஆசிரியர் சொல்லித் தந்திருப்பார். ஹைட்ரில்லாவுக்குப் பைகார்பனேட்டும் உணவாகும் என்பது அந்தக் குமிழிகளுக்குள் இருக்கும் செய்தி. ஜாவா மாஸை வைத்து அதே சோதனையைச் செய்தால் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஹைட்ரில்லாவிடம் இன்னொரு வித்தையும் உண்டு. வெப்பம் கூடி, கார்பன் டை ஆக்சைடு குறையும் காலத்தில் அது தன் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றிக்கொள்கிறது. கரும்பும் சோளமும் இரண்டு வகைச் செல்களைப் பயன்படுத்திச் செய்யும் கார்பன் செறிவூட்டலை, இது ஒற்றைச் செல்லுக்குள்ளேயே செய்து முடிக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் போவ்ஸும் அவருடைய சகாக்களும் இதை விளக்கினார்கள். சென்னையின் மே மாதத்தில், தொட்டித் தண்ணீர் 32 டிகிரியில் நிற்கும்போது, வாயு குறைவாகவே கரைந்திருக்கும், செடிகளின் சுவாசச் செலவோ கூடியிருக்கும். அந்தக் கோடையை அலட்டாமல் கடக்கும் செடிகளில் இது ஒன்று.

2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, உலகின் பல பகுதிகளிலுள்ள ஏரிகளையும் ஆறுகளையும் ஒப்பிட்டு, பைகார்பனேட் அதிகமுள்ள நீர்நிலைகளில் அதை உண்ணத் தெரிந்த இனங்கள் அதிகம் இருப்பதைக் காட்டியது. இயற்கை தன் குளத்தில் செய்திருக்கும் அதே தேர்வை நாம் நம் தொட்டியில் செய்யலாம். வாரிங்டன் சுண்ணாம்புக்கல்லோடு வாலிஸ்நேரியாவை வைத்தது எவ்வளவு பொருத்தம் என்பதும் இப்போது விளங்கும்.

பாத்திரத்தில் படிவு தடிப்பாக இருக்கும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது வாலிஸ்நேரியாவைத்தான். நாடா போன்ற இலை, பின்வரிசைக்குத் தோதான உயரம், மணலுக்குள் ஓடும் தண்டு ஒன்றிலிருந்து ஒன்றாகக் கன்று விட்டுத் தொட்டியின் பின்பக்கத்தைத் தானே நிரப்பும். நடும்போது ஒரு கவனம் வேண்டும்: இலையும் வேரும் சேரும் வெள்ளைக் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். பிளஸ் டூ தாவரவியலில் படித்த அதன் மகரந்தச் சேர்க்கையைத் தொட்டியிலேயே பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பெண் பூ சுருள் காம்பில் நீர்மட்டத்துக்கு ஏறி வரும். மிகச் சிறிய ஆண் பூக்கள் அடியில் கழன்று மிதந்து வந்து அதைச் சேரும். ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனி என்பதால், ஒரே தாயின் கன்றுகள் நிறைந்த தொட்டியில் ஒரு பாதிதான் காணக் கிடைக்கும். இன்னொன்று: 'திரவ கார்பன்' என்ற பெயரில் பாட்டிலில் விற்பதை வாலிஸ்நேரியா இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் க்ளூட்டரால்டிஹைட், மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் வேதிப்பொருள். பாசியை அது கொல்லும். வாலிஸ்நேரியா இலைகளையும் கூழாக்கிவிடும்.

நீர்ப்பிரம்மியும் கடின நீருக்கு ஒத்துவரும். சித்த மருந்துக் கடையில் உலர்ந்த சமூலமாகக் கிடைக்கும் அதே பக்கோபா மோனியரி, உலகெங்கும் மீன்தொட்டிகளில் நடப்படுகிறது. வளர்ச்சி நிதானம், ஆனால் நம்பகமான செடி.

கார்பனைத் தேடி எடுக்கும் வித்தை தெரியாத செடிகள் வேறொரு வழியில் பிழைக்கின்றன. அவை குறைவாகச் செலவு செய்கின்றன. நிழலான ஓடைக்கரையில் வளரும் இனங்கள் மாதத்துக்கு ஓரிரு இலைதான் விடும். அந்த இலை பல மாதம் நிற்கும். வெளிச்சம் குறைவாக இருந்தாலும், கார்பன் குறைவாக இருந்தாலும் வரவுக்குள் செலவை அடக்கிக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளின் அனுபியாஸ், தென்கிழக்கு ஆசியாவின் ஜாவா ஃபெர்ன் இரண்டும் இந்த வகை. இரண்டையும் மணலில் நடக் கூடாது. தடித்த கிடைத்தண்டை நூலால் கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிட்டால் சில வாரங்களில் வேர் தானே பற்றிக்கொள்ளும்; புதைத்தால் கிடைத்தண்டு அழுகும். அனுபியாஸைப் பலர் விளக்குக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள். மெதுவாக வளரும் இலைமேல் பாசி குடியேறக் காலம் நிறையக் கிடைக்கும். உயரமான செடியின் நிழலே அதற்கு நல்ல இடம்.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தவை இலங்கையின் கிரிப்டோகோரைன்கள். வென்டி, பெக்கெட்டி, வாக்கெரி, பார்வா என்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளரும் இந்த இனங்களின் தாயகம் அந்தத் தீவு மட்டுமே. வேறெங்கும் இயற்கையாக இல்லை. சேம்பின் குடும்பம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளிலும் இதே பேரினத்தின் வேறு சில இனங்கள் உண்டு. நாட்டு அதிவிடயம் என்று மருந்தாகும் கிழங்கு இப்பேரினத்தைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ்தான். வென்டி இனத்தின் இலை பச்சையாகவும் செம்பழுப்பாகவும் தாமிர நிறமாகவும் கிடைக்கும். நடுவரிசையை நிரப்ப இதற்கு இணை அரிது. கடின நீரையும் தாங்கும்.

ஆனால் நட்ட சில நாளில் இது உங்களைப் பயமுறுத்தக்கூடும். இலைகள் கண்ணாடியாகி, ஓட்டை விழுந்து, ஒரு வாரத்துக்குள் மொத்தமாகக் கூழாகிவிடும். காற்றிலிருந்து நீருக்கோ, ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கோ திடீரென மாறியதால் செடி பழைய இலைகளைக் கைவிடுகிறது. பலர் இந்தக் கட்டத்தில் செடி செத்தது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். கூழான இலையை மட்டும் எடுத்துவிட்டு, மணலுக்குள் இருக்கும் கிழங்கைத் தொடாமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் புதிய தண்ணீருக்கென்றே செய்யப்பட்ட இலைகள் மேலே வரும். பிறகு அதை இடம் மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் வேரோடி நிற்பதைத்தான் அது விரும்பும். வேர் வழியாகவே பெரும்பகுதி உணவை எடுப்பதால், வெறும் கூழாங்கல்லில் அது வாடும். கொஞ்சம் தோட்டமண்ணைப் பரப்பி மேலே மணல் மூடிய அடித்தளத்தில் செழிக்கும். டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட மீன்தொட்டிச் சூழலியல் நூலில் இந்த மண் முறையைத்தான் விளக்கினார். மண்ணில் மக்கும் பொருள் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடாகவும் திரும்பும்.

இனி அந்தச் சிவப்புச் செடிகள். ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்மேற்கு இந்தியாவின் செடி, கேரளத்துச் செம்புரை மண்ணின் மென்னீருக்குப் பழகியது. அதன் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. அதை உண்டாக்க நல்ல ஒளியும் தாராளமான கார்பனும் வேண்டும். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் இதை வளர்க்க முயல்வது வீண்செலவு என்பது என் எண்ணம். ஜப்பானின் தகாஷி அமானோ, புற்கம்பளமும் பாறையும் கொண்ட நிலக்காட்சிகளைத் தொட்டிக்குள் உருவாக்கி உலகை ஈர்த்தவர். 2015-இல் லிஸ்பனில் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். நாம் ஏங்கும் படங்கள் பலவும் அவர் வழியில் வந்தவை. அந்தத் தொட்டிகளில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் அளவுக்குக் கரைக்கப்படுகிறது. சாதாரணத் தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் பல பத்து மடங்கு. படத்தில் சிலிண்டர் தெரியாது. சிலிண்டர் வைக்க வசதியும் பொறுமையும் இருப்பவர் தாராளமாக இறங்கலாம். ஆனால் வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிட்டுக் கார்பனைக் கூட்டாமல் விடுவது பாசிக்கு விருந்து வைப்பதாகும். டென்மார்க்கின் ட்ரோல்ஸ் ஆண்டர்சனும் ஓலே பெடர்சனும் ரிக்சியா என்ற செடியில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது. மங்கிய ஒளியிலேயே கார்பனைக் கூட்டினால் வளர்ச்சி கூடுகிறது. வாயுவைப் பிடிப்பதற்கான செலவு குறையும்போது, மிஞ்சும் ஆற்றலை ஒளியைப் பிடிப்பதில் செடி போடுகிறது.

கார்பன் கணக்கில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டுப் போகும் கூட்டம் ஒன்று உண்டு. மிதக்கும் செடிகள். ஆகாயத் தாமரை, சால்வினியா, ஃப்ராக்பிட் போன்றவற்றின் இலை காற்றில் இருப்பதால் பஞ்சமே தெரியாது. வேர் தண்ணீரில் தொங்கி மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சும். நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே பெரும்பாலான நீர்ச்செடிகள் விரும்பி எடுக்கின்றன. மீனுக்கு நஞ்சாவதை முதலில் எடுக்கும் இந்தக் குணம் புதிய தொட்டிக்குப் பெரிய உதவி. ஃபில்டரில் பாக்டீரியாக்கள் பெருகப் பல வாரம் ஆகும். அதுவரை மிதக்கும் செடி காவல் காக்கும். அளவு மீறினால் அடிச் செடிகளுக்கு ஒளியே இறங்காது, ஆகவே வாரா வாரம் அள்ள வேண்டும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாமல் வைத்திருந்தால் போதும்.

எவ்வளவு செடி நடுவது? பலரும் நாலைந்து கொத்தோடு தொடங்கி, மெல்ல நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். முதல் நாளிலேயே தரையின் பெரும்பகுதியில் செடி இருக்கட்டும் என்பேன். ஒளியும் அம்மோனியாவும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. செடி எடுக்காததைப் பாசி எடுத்துக்கொள்ளும். அதிலும் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு வேகமாக வளரும் மலிவான செடிகள் அதிகம் வேண்டும். ஹார்ன்வோர்ட், ஹைக்ரோஃபிலா, ஹைட்ரில்லா எதுவாகவும் இருக்கலாம். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது, அப்படியே மிதக்க விடலாம். கிரிப்டோகோரைன்கள் வேரூன்றி இலை விரித்த பிறகு வேகச் செடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். விளக்கு முதலில் ஆறு மணி நேரம் போதும். செடி அடர்ந்த தொட்டியில் இரவில் ஏர் பம்பை ஓட விடுங்கள். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை இழுக்கும். விடியலில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால் அதுதான் காரணமாக இருக்கும்.

சத்துக் குறையை இலையே சொல்லும். அடியிலை முழுசாக மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு. செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்புகிறது. புது இலையே வெளிறி வந்தால் இரும்பு. ஒரு முறை இலையில் கட்டிய இரும்பைச் செடியால் நகர்த்த முடியாது. பழைய இலையில் குண்டூசி ஓட்டைகள் விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம்.

வாங்கும்போது செடி எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். போர்னியோவின் ஓடைப் பாறைகளில் மட்டும் வளரும் புசெஃபலாந்திரா சில ஆண்டுகளாகப் பெரும் மோகமாகியிருக்கிறது. மிக மெதுவாக வளரும் அதைப் பாறையிலிருந்து சுரண்டி விற்கிறார்கள். சுரண்டிய ஓடை மீள எவ்வளவு காலம் ஆகுமோ. திசு வளர்ப்பில் கிடைக்கும் செடி சிறிதாக இருந்தாலும், அதையே வாங்குமாறு மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். நத்தை முட்டையோ பாசியோ ஒட்டி வராது என்ற ஆதாயமும் உண்டு.

செடி நம் தொட்டியைவிட்டு வெளியே போகும் பாதையும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் டாம்பா நகரத்துச் செடி வணிகர் ஒருவரிடம் ஹைட்ரில்லா போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கால்வாயில் இறங்கிய செடி ஃபுளோரிடாவின் ஏரிகளை நிரப்பி, பிற மாநிலங்களுக்கும் பரவியது. ஒரு கணுத் துண்டு போதும், புதுச் செடி எழும். 1994-இல் ஆர்கன்சா மாநிலத்தின் டிகிரே ஏரியில் வெண்தலைக் கழுகுகள் பறக்கத் தடுமாறி இறந்து விழுந்தன. காரணம் தெரிய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று: ஹைட்ரில்லா இலையில் ஒட்டி வாழும் ஒரு நீலப்பசும் பாக்டீரியா மூளையைச் சிதைக்கும் நஞ்சைச் செய்கிறது, அந்த இலையைத் தின்ற நீர்க்கோழியைக் கழுகு தின்கிறது. 2021-இல்தான் அந்த நஞ்சை அடையாளம் கண்டார்கள். பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால், 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப் பாண்டியில் நீர்ப்பரப்பு முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்தது. பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா ஃபர்கேட்டா, தென் அமெரிக்காவிலிருந்து மீன்தொட்டி வணிகத்தில் வந்த செடி. பார்க்க வந்த சிலர் கொத்தாகப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனது தாவரவியலாளர்களைக் கவலைப்பட வைத்தது.

செழித்த தொட்டியில் வாரந்தோறும் ஒரு கைப்பிடி தண்டு வெட்ட வேண்டியிருக்கும். அதைக் கழிவுநீர்க் குழாயிலோ, கோயில் குளத்திலோ, ஏரியிலோ போட வேண்டாம். மொட்டை மாடி வெயிலில் பரப்பி, நொறுங்கும் அளவுக்குச் சருகானதும் பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். மீன் கழிவிலிருந்து செடி எடுத்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அந்த மண்ணுக்குச் சேரும்.